ரெட்டைக் கம்பி

அப்பாவின் பட்டறையில் ஒரு நோட்டு உண்டு. கடைகளில் கணக்கெழுத வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நீளமான நோட்டு. வார்னிஷ் பட்டுப் பட்டு அட்டை கறுத்துவிட்டது. கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் முப்பது வருசமாக அவர் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறார். அன்னூர், கோவில்பாளையம் பக்கத்துத் தோட்டங்களின் கிணற்று மோட்டார், லேத் பட்டறை மோட்டார், மாவு மில் மோட்டார் என்று கைக்கு வந்ததெல்லாம் அந்த நோட்டில் ஆளுக்கு ஒரு வரியாக இருக்கும்.

கருகிய மோட்டார் வந்தால் பழைய கம்பியை வெட்டி எடுப்பதற்கு முன்னால் எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை ஸ்லாட், ஒரு காயிலுக்கு எத்தனை சுத்து, கம்பி என்ன கேஜ், காயில் எந்த ஸ்லாட்டில் இறங்கி எந்த ஸ்லாட்டில் ஏறுகிறது, இணைப்பு ஸ்டாரா டெல்டாவா. வெட்டி எடுத்த பிறகு இதையெல்லாம் சொல்ல ஆளில்லை. பாதி கருகின காயிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுத்தாக எண்ணிக்கொண்டிருப்பார். அதே மாடல் மோட்டார் இன்னொரு நாள் வந்தால் எண்ணுகிற வேலை மிச்சம். நோட்டைப் பார்த்தால் போதும்.

காலேஜ் படிக்கும்போது, அந்த நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று சொன்னேன். "ஏத்தி என்னத்தப் பண்றது அம்முணி, பாக்கறவனுக்குத் தெரியோணுமல்ல" என்றார். வேலையைத் தள்ளிப்போடச் சொல்கிற பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டராக இருக்கிறேன். பொறியாளர்கள் செய்கிற கருவி என்ன செய்யும், எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது வேலை. படிக்கிறவர் யார் என்று தெரிந்துகொண்டுதான் எழுதத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. புதிதாகச் சேர்ந்த எஞ்சினியரா, வாடிக்கையாளரா, ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் கலைந்து எழுந்தவரா? ஆறு வருசமாக இவர்களுக்குத்தான் எழுதிவந்தேன். போன வருசம் வந்த வேலையில் படிக்கிறவர் மனிதரே இல்லை.

கருவி சின்னது. எங்களிடம் பராமரிப்பில் இருக்கும் நூற்றுக்கணக்கான சர்வர்களில் எதில் எந்த அமைப்பு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடிச் சொல்லும். சர்வரின் பெயரையும் அமைப்பின் பெயரையும் கொடுத்தால் மதிப்பு வரும். அதைக் கேட்கப்போவது ஏஐ ஏஜென்ட். "இந்த சர்வர் ஏன் மெதுவா இருக்கு?" என்று ஒருவர் ஏஜென்ட்டிடம் கேட்டால், அது தானாகவே எங்கள் கருவியைக் கூப்பிட்டு, வேண்டியதைப் பார்த்து, காரணத்தை ஊகித்துச் சொல்ல வேண்டும்.

இதற்கென்று ஒரு பொது ஒழுங்கு இருக்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். சுருக்கமாக எம்சிபி. ஏஜென்ட் முதலில், உன்னிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று கேட்கும். பதிலாக ஒவ்வொரு கருவிக்கும் அதன் பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்கிற அச்சு, இவை போகும். உள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. எங்கள் ஆபீஸில் யாரையும் அதற்குத் தெரியாது. அந்த விளக்கத்தில் இருக்கும் நாலு வரிதான் கருவியைப் பற்றி அதற்குக் கிடைக்கிற மொத்த அறிமுகமும்.

அந்த நாலு வரியை எழுதியது நான். சொல்லப்போனால் நாலு வரிகூட இல்லை. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "சர்வரின் பெயரும் அமைப்பின் பெயரும் கொடுத்தால் அதன் தற்போதைய மதிப்பைத் தரும்." சுருக்கம், தெளிவு. ரிவ்யூவில் எல்லோரும் ஓகே சொன்னார்கள்.

மூணு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ராத்திரி அது நடந்தது. ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் சர்வர் தவழ்ந்துகொண்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மெஷினில் 32 ஜிபி மெமரி. அன்றைக்கு நைட் டியூட்டியில் இருந்த பையன் ஏஜென்ட்டிடம் கேட்டான். அது எங்கள் கருவியைக் கூப்பிட்டு, 'ஷேர்டு பஃபர்ஸ்' எவ்வளவு என்று பார்த்தது. டேட்டாபேஸ் தன் உபயோகத்துக்கென்று பிடித்துவைத்துக்கொள்ளும் மெமரியின் அளவு அது. பதில் வந்தது: 16384.

ஏஜென்ட் அதை 16384 எம்பி என்று எடுத்துக்கொண்டது. அதாவது 16 ஜிபி, மெஷினில் பாதி. மெமரியில் கால் பங்கு கொடுத்துத் தொடங்கலாம் என்பதுதான் போஸ்ட்கிரெஸ் ஆவணங்களே சொல்லும் வழக்கமான அளவு. அதனால் 8192 ஆகக் குறைக்கலாம் என்று அழகாகக் காரணம் அடுக்கிச் சொன்னது. பையன் குறைத்தான், டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தான்.

போஸ்ட்கிரெஸ் அந்த அமைப்பை எம்பியில் எண்ணுவதில்லை. 8 கேபி கட்டிகளாக எண்ணும். 16384 கட்டி என்றால் 128 எம்பி. நிறுவும்போது இருந்த அளவு, யாரும் தொடவே இல்லை. 32 ஜிபி மெஷினில் டேட்டாபேஸ் ஆரம்பத்திலிருந்தே அந்த 128 எம்பியை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. அதை 8192 ஆக்கியதும் 64 எம்பி ஆனது. பசியோடு இருந்தவனின் தட்டில் பாதியை எடுத்த கதை. ரீஸ்டார்ட் செய்ததில் ஓடிக்கொண்டிருந்த வேலைகளும் பாதியில் அறுந்தன. யார் டேட்டாவும் தொலையவில்லை. ஆனால் அவன் விடியற்காலை நாலரை வரைக்கும் தூங்கவில்லை.

அடுத்த நாள் மீட்டிங்கில், "ஏஜென்ட் சொன்னா அப்படியே செஞ்சுடுவீங்களா? ஒருதரம் செக் பண்ண வேண்டாமா?" என்று அவனைக் கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பாத்திருக்கணுங்க" என்றான். நான் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏஜென்ட்டுக்குப் போன விளக்கமும் திரும்பி வந்த எண்ணும் எதிரே இருந்தன. அலகு என்ற வார்த்தை இரண்டிலும் இல்லை. வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் பெயர் யாருக்கும் தோன்றாததில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது பட்டறையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நான் பத்தாவதோ பதினொன்றாவதோ படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு கல்யாணத்துக்குப் பல்லடம் போயிருந்தார். அவசரமாக ஒரு 5 எச்பி மோட்டார் வந்தது. கடைப்பையன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான். நோட்டில் தேடினான், அதே மாடல் கிடைத்தது. 36 ஸ்லாட், 42 சுத்து, 22 கேஜ். அப்படியே காயில் சுற்றி ஸ்லாட்டில் இறக்க ஆரம்பித்தான். நாலு காயில் இறக்கியதும் கையை எடுத்துவிட்டு, எங்கள் வீட்டுப் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டான்.

"ஏனுங்ணா, ஸ்லாட்டு பாதி காலியா இருக்குதுங்ணா. கம்பி லொடலொடன்னு ஆடுது."

மறுமுனையில் அப்பா சிரித்தது எனக்கே கேட்டது. "அட, அது ரெட்டைக் கம்பிடா. ரெண்டு கம்பியையும் சேத்துப் புடிச்சுச் சுத்தோணும். எழுதலையா நானு?"

எழுதவில்லை. ஒரே சுற்றில் இரண்டு கம்பியைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றுவது காயில் கட்டுகிறவர்களுக்கு அன்றாட வேலை. தடிமனான ஒற்றைக் கம்பி வளையாது, ஸ்லாட்டில் இறங்காது, அதற்காகத்தான் இரண்டு மெல்லிய கம்பி. அதே கேஜில் ஒற்றைக் கம்பி மட்டும் போட்டிருந்தால் செம்பின் பருமன் பாதியாகிவிடும். மோட்டார் சுற்றத்தான் சுற்றும். தண்ணீர் இழுக்கிற பாரம் ஏறியதும் சூடாகி, கொஞ்ச நாளில் திரும்பவும் கருகிப் பட்டறைக்கே வந்துவிடும்.

நோட்டில் விட்டுப்போன வார்த்தையை ஸ்லாட் சொல்லிக்கொடுத்தது. பையனின் கட்டைவிரலுக்கு அது தெரிந்தது. தெரிந்ததும் கேட்க ஓர் ஆள் இருந்தார், போன் இருந்தது. முப்பது வருசமாக அந்தக் குறை நோட்டால் ஒரு மோட்டாரும் கருகாமல் போனதற்கு நோட்டு காரணமில்லை என்று எனக்கு அன்றைக்கு பஸ்ஸில்தான் உறைத்தது.

நாங்கள் எழுதும் ஆவணங்களும் காலங்காலமாக அப்படித்தான் ஓடியிருக்கின்றன. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டு வந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதியது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், விளக்கம், தெரிந்த கோளாறுகள் என்று தலைப்பு இருக்கும். கடைசியில் 'உரிமையாளர்' என்று ஒரு தலைப்பு. சிக்கல் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதற்காக அங்கே ஆளின் பெயரைப் போட்டிருந்தார்கள். எழுதியவருக்கும் படிப்பவருக்கும் நடுவில் ஒரு நடை தூரம்தான் இருந்த காலம். பின்னாளில் அந்தத் தலைப்பு காணாமல்போனது. ஆனால் பழக்கம் போகவில்லை. புரியாவிட்டால் கேட்பார்கள் என்கிற தைரியத்தில்தான் நாங்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கிறோம்.

ஏஜென்ட்டுக்கும் கேட்கத் தெரியும். சந்தேகம் வந்தால் கேட்கும். ஆனால் 16384 என்ற எண்ணில் சந்தேகம் வர ஒன்றுமே இல்லை. லொடலொடவென்று ஆடாத எண் அது. எம்பி என்று வைத்தால் 16 ஜிபி என்று கச்சிதமாகப் பொருந்துகிறது. தப்பான இடத்தில் சரியாகப் பொருந்திவிடுகிற ஒன்றை எந்தக் கட்டைவிரல் கண்டுபிடிக்கும்?

சனிக்கிழமை பையனை டீக்கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். லாகைக் காட்டினேன். ரெண்டு நிமிசம் பார்த்துவிட்டு, "அதுக்கென்னுங்க்கா, நானும் யோசிச்சிருக்கோணும்" என்றான். அவன் அப்படிப் பெருந்தன்மையாகப் பேசியது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திங்கட்கிழமை மேனேஜருக்கு மெயில் எழுதினேன். தவறு விளக்கத்திலும் கருவியிலும் இருக்கிறது, அவன் மேல் போட்ட குறிப்பைத் திருத்துங்கள் என்று. திருத்தினார்கள். கூடவே, "அப்ப நீங்களே சரி பண்ணிக் குடுங்க" என்றும் பதில் வந்தது.

கருவியை எழுதியவரோடு உட்கார்ந்து நிரலைப் பார்த்தபோது வேதனையாக இருந்தது. போஸ்ட்கிரெஸ் தன் அமைப்புகளை ஓர் அட்டவணையாகவே காட்டுகிறது. மதிப்பு ஒரு பத்தியில், அலகு பக்கத்துப் பத்தியில். அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது, கோப்பில் மாற்றியது இன்னும் ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருக்கிறதா என்பதற்கெல்லாம்கூட பத்தி இருக்கிறது. நாங்கள்தான் மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டிருந்தோம். ரெட்டைக் கம்பியில் ஒன்றை உருவிவிட்டு மற்றதை மட்டும் சுற்றியிருந்தோம்.

அடுத்தது 'தற்போதைய' என்ற வார்த்தை. போஸ்ட்கிரெஸில் அது சரி. ஆனால் என்ஜின்எக்ஸ் மாதிரி வெப் சர்வர்களுக்கு எங்கள் கருவி கோப்பைப் படித்துத்தான் சொல்லியது. கோப்பை மாற்றினாலும் ரீலோட் செய்யும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழையதுதான். கோப்பில் இருப்பது ஒன்று, ஓடுவது வேறொன்று. இரண்டையும் ஒரே 'தற்போதைய'வுக்குள் அடைத்திருந்தேன்.

மூணாவதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. தேடியது கிடைக்காவிட்டால் கருவி வெறுமனே காலியாகப் பதில் தரும். அந்தக் காலிக்கு மூன்று அர்த்தம். அப்படி ஒரு சர்வரே எங்கள் பட்டியலில் இல்லை. அல்லது சர்வர் இருக்கிறது, அந்த அமைப்பை யாரும் எழுதிவைக்கவில்லை, அதனால் மென்பொருளின் இயல்பான மதிப்பு ஓடுகிறது. அல்லது சர்வரைத் தொடவே முடியவில்லை, எதுவும் தெரியாது. இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒன்றாகுமா? பாஸ்வேர்டுகளிலும் இதே கதை. பாதுகாப்புக்காக அவற்றைக் காலியாக அனுப்பினோம். ஏஜென்ட் ஒருமுறை, இந்த டேட்டாபேஸுக்குப் பாஸ்வேர்டே இல்லை, உடனே வையுங்கள் என்று அக்கறையோடு எச்சரித்திருந்தது. இப்போது 'மறைக்கப்பட்டது' என்று வாயைத் திறந்து சொல்கிறோம்.

பிறகு கமென்ட். கோப்புகளில் மதிப்புக்கு மேலே மனிதர்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் கருவி தூக்கி எறிந்துகொண்டிருந்தது. ஒரு பழைய சர்வரில், இதைக் கூட்டாதீர்கள், என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். கீழே இரண்டெழுத்து. அந்த ஆள் வேலையை விட்டுப் போய் நாலு வருசமாகிறது. யூனிக்ஸ் கையேட்டின் 'உரிமையாளர்' கடைசியாக உயிரோடு இருந்த இடம் அதுதான் போல. கமென்ட்டையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். அதிலும் ஒரு ஆபத்து உண்டு. யாராவது வேண்டுமென்றே கமென்ட்டில் ஏஜென்ட்டுக்குக் கட்டளை எழுதிவைத்தால் அது அதையும் கேட்டு நடக்கப் பார்க்கலாம். அதனால், இது கோப்பில் இருந்த குறிப்பு, உனக்கான உத்தரவு இல்லை என்று தனியே பிரித்துக் கொடுத்தோம். முழுக் காப்பு என்று சொல்ல முடியாது. எம்சிபியிலும் 'இந்தக் கருவி படிக்க மட்டும்தான்' என்று அடையாளம் போட இடம் இருக்கிறது. அதுவும் வெறும் குறிப்புதான். நம்பத் தகுந்தவர் போட்டாரா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

இத்தனையையும் விளக்கத்தில் எழுதினால் ஒரு பக்கம் வந்தது. ஏஜென்ட் நம் கருவியைத் தொடுகிறதோ இல்லையோ, இணைத்து வைத்திருக்கிற கருவிகளின் விளக்கம் அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐம்பது கருவி இருந்தால் ஐம்பது பக்கம். படிக்கிறது மெஷின்தானே, நீளமாக எழுதினால் என்ன என்று முடியாது. கவனம் சிதறினால் அதுவும் முக்கியமானதை விட்டுவிடுகிறது.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று அவர் போடும் பட்டியலைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். முதலாவது குன்றக் கூறல், இரண்டாவது மிகைபடக் கூறல். பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அந்த இரண்டும் ஆபீஸ் மேஜையில் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தன. முதல் தடவை குன்றக் கூறினேன். பயந்துபோய் இப்போது மிகைபடக் கூறிக்கொண்டிருந்தேன். முடிவில், அலகையும் மூலத்தையும் விளக்கத்தில் நீட்டி முழக்காமல் கருவியின் பதிலிலேயே வரவைத்தோம். 16384 என்று இனிமேல் தனியாக வராது. 16384, அலகு 8 கேபி, மொத்தம் 128 எம்பி, ஓடிக்கொண்டிருக்கும் மதிப்பு, பார்த்த நேரம் என்று சேர்ந்து வரும். விளக்கம் எட்டு வரியில் நின்றது.

பழைய கேள்வியையே மாற்றி மாற்றிப் பலமுறை கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாகச் சொன்னது. ஒருமுறை, கோப்பில் மாறியிருக்கிறது, ஆனால் இன்னும் ரீஸ்டார்ட் ஆகவில்லை, அதனால் இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று தானாகவே நிறுத்தியது. இன்னொருமுறை எல்லா விவரமும் கண்ணெதிரே இருந்தும் பார்த்த நேரத்தைக் கவனிக்காமல் ஒரு நாள் பழைய மதிப்பை வைத்து முடிவு சொன்னது. மனிதர்களுக்கு எழுதும்போதும் இப்படித்தான் இருந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இதற்கு நடுவில் மேனேஜர் ஒரு கேள்வி கேட்டார். இந்த விளக்கங்களையும் ஏஜென்ட்டையே எழுதச் சொன்னால் என்ன? நிரலைக் கொடுத்தால் எழுதிவிடும்தானே? முயற்சி செய்தோம். பழைய நிரலைக் கொடுத்தோம். என் விளக்கத்தைவிட நன்றாகவே எழுதியது, இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அலகைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நிரலில் இருப்பதைத்தானே அது எழுதும்? நிரலில் விட்டுப்போனதை எப்படி எழுதும்? அந்த ராத்திரி கண்விழித்தவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். என் வேலை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்குமோ தெரியாது. இருக்கிறவரைக்கும் அதில் பாதி, எழுதுவதற்கு முன்னால் போய் ஆட்களைக் கேட்பதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சர்வர், போஸ்ட்கிரெஸ் எல்லாம் விட்டுவிட்டு, நோட்டைப் பார்த்துக் காயில் கட்டுகிற ஒரு மெஷின் வந்திருக்கிறது, அதற்குக் கை கிடையாது, ஸ்லாட்டைத் தொட்டுப் பார்க்காது, அதற்கு நான் நோட்டு எழுதுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப ரெட்டைக் கம்பியெல்லாம் எழுதோணுமே" என்றார்.

"ஆமாங்கப்பா."

அன்றைக்குச் சாயங்காலம் பட்டறைக்குப் போனபோது நோட்டை விரித்துவைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் எழுதிக்கொண்டிருந்தார். சில வரிக்கு 'ரெட்டை'. ஒன்றிரண்டுக்கு 'மூணு கம்பி'. ஒரு மாவு மில் மோட்டாருக்கு முன்னால் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

"இதுக்கு என்ன எழுதறது சாமி?"

"தெரியலைன்னே எழுதிருங்கப்பா."

தெரியலை என்று எழுதி, கீழே தேதி போட்டார்.